கிராதிக்குள் இருந்த துப்பாக்கிப் பள்ளங்கள்

1

எனக்கு எழுதிப் பழக்கம் இல்லை. ஐந்தாம் வகுப்பு வரைதான் படித்தேன். அதற்குப் பிறகு எழுதியதெல்லாம் ஊருக்குக் கடிதமும் மளிகைச் சீட்டும்தான். ஒன்றைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே வேறொன்றுக்குப் போய்விடுவேன். பெயர் மறந்துவிடும். வருஷம் அதைவிட மறந்துவிடும், அதனால் வருஷங்களைப் போடவே இல்லை. வாசிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

சாத்தான்குளம் பக்கமிருந்து டெல்லிக்கு வந்து நாற்பது வருஷத்துக்கு மேலாகிறது. என் வீட்டுக்காரர் செல்லத்துரை அரசாங்கப் பணிமனையில் தச்சு வேலை பார்த்தார். லக்ஷ்மிபாய் நகரில் ஒரு குவார்ட்டர்ஸில் பிள்ளைகளை வளர்த்தோம். அவர் தவறி ஒன்பது வருஷம். இப்போது நான் துவாரகாவில் மகன் சாமுவேல் வீட்டில் இருக்கிறேன், ஏழாவது மாடி.

ஊரிலும் வாசிக்கிற இந்தச் சபைப் பத்திரிகைக்கு எழுதச் சொன்னது எங்கள் தமிழ்ச் சபைச் செயலாளர் ஜெபமணி அண்ணாச்சி. ஞாயிறு மூன்று மணிக்கு நாங்கள் ஆராதனை நடத்துகிற கோயிலில் ஒரு மரக் கிராதி இருக்கிறது. திருவிருந்தின் அப்பமும் ரசமும் வாங்குகிறவர்கள் அதன் முன்னால்தான் முழங்கால் போடுவார்கள். என் வீட்டுக்காரர் செய்தது. இந்த வருஷம் அது இருக்குமா போகுமா என்று ஆகிவிட்டது. அதோடு அவருடைய பெயரும் சிக்கிக்கொண்டது. ஊருக்குப் போய்விட்ட ஒருவருக்குத்தான் முழு விஷயமும் தெரியும். அவர் கண்ணில் படட்டும் என்றே இதை எழுதுகிறேன்.

2

முதலில் கோயிலைச் சொல்கிறேன்.

வெள்ளைக்காரன் காலத்தில் ஸ்காட்லாந்துச் சிப்பாய்களுக்காகக் கட்டியது. அவர்கள் சபைக்குப் பிரஸ்பிட்டேரியன் என்று பெயர். அந்தச் சொல் என் வாயில் நுழைய இரண்டு வருஷம் ஆயிற்று. அவர்களுக்குப் பேராயர் கிடையாது. சபையார் தேர்ந்தெடுத்த மூப்பர்கள்தான் பாதிரியாரோடு உட்கார்ந்து எல்லாம் முடிவு செய்வார்கள். பிற்பாடு வடக்கே பல சபைகள் ஒன்றாகச் சேர்ந்துவிட்டன. ஆனாலும் கட்டிடம் பழைய பேச்சைத்தான் பேசிக்கொண்டிருக்கிறது.

நம் ஊர்க் கோயிலுக்குள் நுழைந்தால் கண் நேரே பீடத்துக்குப் போகும். மேலே வண்ணக் கண்ணாடி, இரண்டு பக்கமும் மெழுகுவர்த்தி. இங்கே பீடம் இருக்கவேண்டிய இடத்தில் பிரசங்க மேடை. ஏழு படி ஏறவேண்டும். தலைக்கு மேல் மரத்தில் ஒரு கூடாரம், குரல் மேலே போய்விடாமல் திருப்பி அனுப்ப. அதற்குக் கீழே, தரையில், வெறும் மேஜை ஒன்று. வீட்டில் சாப்பிடுகிற மேஜையைப் போல. சிலுவை கூட சமீபத்தில் வைத்ததுதான். வசனம்தான் அவர்களுக்கு நடுநாயகம் என்று யாரோ சொன்னார்கள்.

சுவர் மூன்றடிக் கனம். ஜூன் மாத வெயிலில் வெளியே இருந்து வந்தால் உள்ளே பானைத் தண்ணீர்போல இருக்கும். உயரத்தில் சின்னச் சின்னச் சன்னல்கள், சூடு அது வழியாக வெளியேறும். சுவரில் விரல் நுழைகிற அளவு ஓட்டைகள் உண்டு. எலி ஓட்டை என்றே நான் பல வருஷம் நினைத்திருந்தேன். கூரையில் தொங்கிய பங்கா விசிறியை இழுக்கிற கயிறு போன வழியாம். கயிற்றை இழுத்தவர் வெளி வராந்தாவில் உட்கார்ந்திருப்பார். உள்ளே என்ன பாடினார்கள் என்று அவருக்குக் கேட்டிருக்கும், காற்று மட்டும் போயிருக்காது.

பெஞ்சுகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். தேக்கு. ஒவ்வொரு பெஞ்சின் முதுகிலும், பின்னால் இருப்பவர் பாட்டுப் புத்தகம் வைக்க ஒரு பலகை. அந்தப் பலகையின் விளிம்பில் அரைவட்டமாகப் பள்ளங்கள் வெட்டியிருக்கும். குழந்தைகள் அதில் பென்சில் வைப்பார்கள். அது துப்பாக்கி சாய்த்து வைக்கிற பள்ளம். மீரட்டில் சிப்பாய்க் கலகம் ஒரு ஞாயிற்றுக்கிழமை தொடங்கியதாம். அதற்குப் பிறகு வெள்ளைச் சிப்பாய்கள் துப்பாக்கி இல்லாமல் கோயிலுக்கு வருவதில்லையாம். ஒரு கையில் பாட்டுப் புத்தகம், இன்னொரு கை எட்டுகிற தூரத்தில் துப்பாக்கி. அவர்களும் பயந்துதான் இருந்திருக்கிறார்கள்.

3

நான் வந்த புதிதில் தமிழ் ஆராதனையை எங்களில் ஒருவரே நடத்துவார். மாதம் ஒரு தடவை திருவிருந்துக்கு மட்டும் அந்தக் கோயில் பாதிரியார் வருவார். இந்திக்காரர், வயதானவர். நாங்கள் அவரைப் பாத்ரி சாகிப் என்போம்.

முதல் திருவிருந்து அன்று நான் நான்காவது பெஞ்சில் இருந்தேன். பாத்ரி சாகிப் ஜெபித்து அப்பத்தைப் பிட்டார். உடனே நான் எழுந்தேன், முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு முன்னால் போனேன், மேஜைக்கு முன்னே வெறுந்தரையில் முழங்கால் போட்டு, உள்ளங்கையை ஏந்திக் குனிந்துகொண்டேன். சின்ன வயதிலிருந்து அப்படித்தான் செய்திருக்கிறேன்.

பக்கத்தில் யாரும் வரவில்லை. ஒரு சத்தமும் இல்லை. தலையைத் திருப்பிப் பார்த்தால் எல்லாரும் பெஞ்சிலேயே இருக்கிறார்கள். மூப்பர்கள் தட்டை எடுத்துக்கொண்டு பெஞ்சு பெஞ்சாகப் போகிறார்கள். ஒருவர் கையிலிருந்து ஒருவர் கைக்குத் தட்டு போகிறது, கல்யாணப் பந்தியில் உப்பு மாற்றிக்கொள்வதுபோல. அந்தக் கோயில் வழக்கம் அது. உட்கார்ந்தே வாங்குவார்கள். எல்லாரும் ஒரே மேஜையின் விருந்தாளிகள் என்று அர்த்தமாம். எனக்கு யாரும் சொல்லவில்லை.

எழுந்து திரும்பிப் போகவும் கால் வரவில்லை. பேசாமலே பழகியவள் நான். கடைக்காரனிடம் கொத்தமல்லி கேட்கவே யோசிப்பேன். அத்தனை பேர் முன்னால் தனியாக மண்டியிட்டுக் கிடந்தேன். கடைசியில் பாத்ரி சாகிப் தானே தட்டை எடுத்துக்கொண்டு வந்து, சிரமப்பட்டுக் குனிந்து, என் கையில் வைத்தார்.

பஸ்ஸில் வரும்போது என் வீட்டுக்காரர் கேட்டார்.

"என்னட்டி, இப்படிப் பண்ணிட்ட?"

"ஊர்ல செய்யுததத்தான் செஞ்சேன்."

"ஊர்ல புடிச்சிக்கிடக் கிராதி இருக்கு. இங்க என்ன இருக்கு, வெறுந்தரை."

"தரையில முழங்கால் போட்டா சாமி வேண்டாம்னா சொல்லுவாரு?"

அவர் சிரித்துவிட்டார். "நீ வீட்டுலதான் இப்படிப் பேசுத. வெளிய ஊமைக்கோட்டான்."

அடுத்த மாதம் நான் எழும்பவில்லை. ஆனால் நம் பக்கத்து நாசரேத்து ஊர் அக்காமார் மூன்று பேர் எழுந்து போய்த் தரையில் முழங்கால் போட்டார்கள். "நீதான வழிகாட்டின, வா" என்று என்னையும் இழுத்தார்கள். ஒருத்திக்கு மூட்டுவலி. எழும்பும்போது பிடிக்க ஒன்றும் இல்லாமல் என் தோளைப் பிடித்தாள், இரண்டு பேரும் விழப் பார்த்தோம். அன்றைக்குத்தான் என் வீட்டுக்காரர் கிராதியைப் பற்றி யோசிக்க ஆரம்பித்தார்.

4

முன்வரிசைப் பெஞ்சு இரண்டில் கரையான் பிடித்துக் காலெல்லாம் பொடியாகிப் பின் வராந்தாவில் கிடந்தன. மேல் பலகையும் முதுகும் நன்றாக இருந்தன. என் வீட்டுக்காரரும், அதே பணிமனையில் வேலை பார்த்த தங்கையா அண்ணனும் சனிக்கிழமைகளில் போய் அவற்றைப் பிரித்தார்கள். தங்கையா அண்ணனுக்குச் சாயர்புரம் பக்கம். நான் சோறு கட்டிக்கொண்டு போவேன்.

புத்தகப் பலகைகள் இரண்டையும் நீளவாக்கில் சேர்த்துக் கிராதியின் மேல்கட்டை ஆக்கினார்கள். பள்ளங்கள் வரிசையாகத் தெரிந்தன.

"இதுல கை வச்சா சொகமா இருக்கும்" என்றார் தங்கையா அண்ணன்.

"துப்பாக்கி வச்ச எடத்துல கைய வச்சா அப்பம் வாங்குவாவ?" என்று என் வீட்டுக்காரர் மறுத்தார். மாமரத் துண்டுகளைப் பிறைபோலச் செதுக்கி ஒவ்வொரு பள்ளத்திலும் பொருத்தி, இழைத்து, மேலே பழுப்புப் பெயின்ட் அடித்துவிட்டார். தடவிப் பார்த்தாலும் தெரியாது. ஞாயிறுதோறும் துடைக்கிற என் விரலுக்கு மட்டும் தெரியும்.

பிறகு நம்மவர்கள் வழக்கப்படி, வருஷா வருஷம் பிரதிஷ்டைப் பண்டிகைக்கு அந்தப் பெயின்ட் மேலேயே இன்னொரு பெயின்ட். நல்ல தேக்கு இருக்கிறதே என்று ஒருவரும் பார்ப்பதில்லை. பளபளவென்று இருந்தால்தான் நமக்குப் பண்டிகை.

கிராதி வந்த மாதம் பாத்ரி சாகிப் அதைப் பார்த்தார், கையால் ஒருமுறை அசைத்துப் பார்த்தார், வரிசையாக முழங்கால் போட்ட எங்களுக்கு அப்பம் கொடுத்துக்கொண்டே போனார். ஒன்றும் சொல்லவில்லை. அவர் ஒன்றும் சொல்லவில்லை என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அதற்குப் பின் ஒரு நாள், கணக்கெடுக்க யாரோ ஒரு ஐயா வந்தார். பெஞ்சுகளைப் பென்சிலால் தட்டித் தட்டி எண்ணினார். நான் கூட்டிக்கொண்டிருந்தேன். என்னிடம் இந்தியில் ஏதோ கேட்டார். அப்போது எனக்குத் தெரிந்த இந்தி "அச்சா" ஒன்றுதான், சரி என்று அர்த்தம். அதைச் சொன்னேன். அவர் எழுதிக்கொண்டு போய்விட்டார்.

5

இந்த வருஷம் கோயிலைப் பழுது பார்க்கிறார்கள். பழைய கட்டிடங்களைக் கவனிக்கிற அரசாங்க இலாகாவின் அனுமதி வேண்டும். ஒரு ஆணி அடிக்கவும் மூன்று நகலில் மனு, நான்கு பக்கமும் போட்டோ. வேலையைப் பார்க்க ஷிவானி என்று ஒரு பெண் வந்திருக்கிறாள், கட்டிடக்கலை படித்தவள். இந்திதான் பேசுவாள். இப்போது எனக்கு இந்தி நன்றாகப் புரியும். அவள் பேச்சை நம் பேச்சிலேயே எழுதுகிறேன்.

அவள் சுவரைத் தட்டிப் பார்த்தே உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்வாள். சிமென்டைத் தொடவிட மாட்டாள். தொட்டியில் சுண்ணாம்பு, செங்கல் பொடி, வெல்லம், வில்வக்காய், ஊறவைத்த உளுந்து எல்லாம் போட்டுக் குழைத்தார்கள். நான் எட்டிப் பார்த்ததை ஜெபமணி அண்ணாச்சி பார்த்துவிட்டார்.

"என்ன பாக்குதியம்மா? சுவத்துக்கு இட்லிக்கு ஊறப்போட்ருக்காவ. நமக்குக் கெடையாது."

வேலை முடிந்ததும் கோயிலின் சரித்திரத்தை ஆங்கிலம், இந்தி, தமிழ் மூன்றிலும் கல்லில் வெட்டி வாசலில் வைப்பார்களாம். அதற்காக ஷிவானி பழைய ரிஜிஸ்தர்களை வாசித்துக்கொண்டிருந்தாள். ஒரு ஞாயிறு ஆராதனை முடிந்ததும் கிராதியின் மேல் சிவப்புச் சீட்டு ஒட்டியிருந்தது.

"பிறகு சேர்த்த சாமான் எல்லாம் எடுக்கவேண்டும்" என்றாள் அண்ணாச்சியிடம். "இது மட்டமான மரம், பெயின்ட் மட்டும் கனமாக இருக்கிறது. இந்தக் கட்டிடத்தில் கிராதியே கிடையாது. இதற்கு முன்னால் இரண்டு பெஞ்சு இருந்திருக்கிறது. ரிஜிஸ்தரில், முன்வரிசைப் பெஞ்சு இரண்டு காணோம், திருட்டுப் போயிருக்கலாம் என்று எழுதியிருக்கிறது."

"போனாப் போவட்டும்" என்றார் அண்ணாச்சி எங்களைப் பார்த்து. "நாம நல்ல ஸ்டீல்ல ஒண்ணு செஞ்சிருவோம், எடுத்து வைக்கலாம், மடக்கலாம்."

நான் துடைக்கிற துணியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். திருட்டு என்ற சொல் காதிலேயே நின்றது.

மெட்ரோவில் வரும்போது இரண்டு ஸ்டேஷன் தாண்டிப் போய்விட்டேன். வீட்டுக்கு வந்து சாமுவேலிடம் சொன்னேன். அவன் டெல்லியில் பிறந்தவன்.

"மம்மி, ஜல்தில எதுவும் சொல்லிறாதீங்க. டாடி ஹெரிடேஜ் பெஞ்சை உடைச்சாருன்னு ஆயிடும்."

"உடைச்சது கரையான்டா."

"அதை யாரு நம்புவா? அப்புறம் சொன்னா, அந்தக் கட்டையை எடுத்துத் திரும்பப் பெஞ்சு பண்ணுவாங்க. சொல்லலைன்னா பழைய சாமான் வாங்குற கபாடிக்காரன்கிட்ட போயிடும். ரெண்டு பக்கமும் கிராதி போகப்போவுது."

பேத்தி போனிலிருந்து தலையைத் தூக்கினாள். "கிராதின்னா க்யா, பாட்டி?"

"நீ ஞானஸ்நானம் எடுத்த அன்னைக்கு உங்கம்மா பிடிச்சிக்கிட்டு நின்னாளே, அந்தக் கட்டை."

"அச்சா. அந்த பிரவுன் திங்."

அவளுக்கு அது அவ்வளவுதான். அவளைக் குறை சொல்லி என்ன, நானே நாற்பது வருஷமாக யாரிடமும் சொல்லவில்லையே.

6

செவ்வாய்க்கிழமை கிராதியை எடுப்பதாக இருந்தது. நான் திங்கட்கிழமையே போனேன். சாமுவேலை லீவு போடச் சொல்லவில்லை, தனியாகவே போனேன். ஷிவானி பிரசங்க மேடையின் படியில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தாள். அண்ணாச்சியும் இருந்தார்.

"ஆன்ட்டிஜி, இன்றைக்கு ஞாயிறு இல்லையே?"

நான் அவள் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய், சன்னல் பக்கமிருந்து மூன்றாவது இடத்தில் அவள் விரலை வைத்துத் தேய்த்தேன்.

"இங்கே சுரண்டிப் பார் மகளே."

பெயின்ட் உரிக்கிற மருந்தைத் தடவிச் சுரண்டினாள். மேல் பழுப்பு போய்ப் பச்சை வந்தது, அதற்குக் கீழே பழுப்பு, அதற்குக் கீழே இன்னொரு பழுப்பு. எங்கள் பண்டிகைகள் எல்லாம் தோசை அடுக்கு மாதிரி இருந்தன. கடைசியில் கறுத்த தேக்கு, அதில் வெளிறிய மாமரப் பிறை.

அவள் டீயை மறந்துவிட்டாள். டேப்பை எடுத்துப் பழைய பெஞ்சில் பள்ளத்துக்குப் பள்ளம் அளந்தாள், ஓடி வந்து கிராதியில் அளந்தாள். இரண்டும் ஒன்று.

"ஆன்ட்டிஜி! பெஞ்சு எங்கேயும் போகவில்லை! யார் செய்தது?"

"என் வீட்டுக்காரர்" என்றேன். அதன் பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். தரையில் முழங்கால் போட்டதையும் சொன்னேன். என் ஆயுசில் அவ்வளவு நேரம் நான் தொடர்ந்து பேசியதில்லை.

அண்ணாச்சி முகம்தான் மாறிவிட்டது. "ஏம்மா, இத்தன வருசமா கூடவே இருக்கிய, ஒரு வார்த்த சொல்லலியே. சரி, யாரக் கேட்டுச் செஞ்சாவ?"

"பாத்ரி சாகிப்ப கேட்டுத்தான்."

உடனே சொன்னேன். யோசிக்கவே இல்லை.

இலாகாவின் மேலதிகாரி ஒருவர் வந்து பார்த்தார். பிரித்துத் திரும்பவும் பெஞ்சாக்கலாமா என்றார். பாதி மரம்கூட மிஞ்சவில்லை, இப்படியே இருந்தால்தான் மிஞ்சியதாவது இருக்கும் என்று ஷிவானி வாதாடினாள். "வெள்ளைச் சிப்பாய் உட்கார்ந்ததும் சரித்திரம், இவர்கள் முழங்கால் போட்டதும் சரித்திரம்தானே சார்?" அவர் கடைசியில் ஒத்துக்கொண்டார். ஆனால் மனுவில் ஒரு கட்டம் இருந்தது. மாற்றம் செய்ய அப்போது அனுமதி கொடுத்தது யார்? அனுமதி இல்லாத மாற்றம் என்றால் மறுபடி மேலே போகவேண்டும், முடிவு தன் கையில் இல்லை என்றார். பாத்ரி சாகிப் பெயரை எழுதினார்கள். நான் கையெழுத்துப் போட்டேன்.

இப்போது பெயின்ட் முழுவதும் உரித்தாகிவிட்டது. இரண்டு பள்ளத்தை மட்டும் திறந்துவிட்டு மற்றதில் மாமரப் பிறைகளை அப்படியே விட்டிருக்கிறார்கள். போன ஞாயிறு திருவிருந்தில் என் கை தானாகவே போய்த் திறந்த பள்ளம் ஒன்றில் உட்கார்ந்தது. தங்கையா அண்ணன் சொன்னது சரிதான், சுகமாகத்தான் இருந்தது.

7

கல்லில் வெட்டப்போகிற தமிழை அண்ணாச்சி எனக்கு வாசித்துக் காட்டினார். கடைசி வரி இப்படி: "இக்கிராதி, பழுதடைந்த முன்வரிசை இருக்கைகளின் மரத்தைக் கொண்டு, அந்நாளைய போதகரின் அனுமதியோடு, சபை அங்கத்தினர் செல்லத்துரையால் செய்யப்பட்டது."

கேட்டதும் அழுகை வந்தது. கோயில் வாசலில், ஸ்காட்லாந்துத் துரைமாரின் பெயருக்குக் கீழே அவருடைய பெயர். வீட்டுக்கு வந்த பிறகுதான் அனுமதி என்ற சொல்லைத் திரும்பச் சொல்லிப் பார்த்தேன்.

அனுமதி கேட்டாரா என்று எனக்குத் தெரியாது.

எனக்கு நினைவிருப்பது இவ்வளவுதான். முதல் சனிக்கிழமை, பெஞ்சின் ஆணியைப் பிடுங்குமுன் நான் கேட்டேன்: "பாத்ரி சாகிப்புகிட்ட சொல்லியாச்சா?" அவர், "சொல்லிக்கிடலாம்ட்டி" என்றார். சொன்னாரா? சொல்லியிருந்தால், ரிஜிஸ்தரில் காணோம் என்று ஏன் எழுதினார்கள்? கணக்கெடுத்தவர் வேறு ஆள், அவருக்குத் தெரிந்திருக்காது என்கிறார் அண்ணாச்சி. இருக்கலாம். அன்று கணக்கெடுத்தவர் கேட்டதற்கு என் பதில் அந்த ஒரு அச்சாதான். இப்போது பதில் தெரியாமலே தெரிந்ததுபோலச் சொல்லிக் கையெழுத்தும் போட்டுவிட்டேன்.

ஷிவானியிடம் இதைச் சொல்லிவிட்டேன். அந்த ஒரு வரியை மட்டும் விட்டு மற்றதை வெட்டச் சொல்கிறேன், நீங்கள் விசாரியுங்கள் ஆன்ட்டிஜி என்றாள். சாமுவேலுக்குக் கோபம். "இப்பத்தான் தப்பிச்சிருக்கு, நீங்களே போயி காட்டிக் கொடுக்கறீங்களே மம்மி" என்கிறான்.

பாத்ரி சாகிப் இல்லை. என் வீட்டுக்காரர் இல்லை. தங்கையா அண்ணன் ரிட்டயர் ஆகிச் சாயர்புரம் பக்கம் போனார். இருக்கிறாரோ, என்னவோ. இருந்தால் என்னைவிட மூத்தவர். நான் எழுதியதில் தப்பு இருந்தால் அவர் திருத்தட்டும். பெஞ்சு இரண்டா, மூன்றா? மாமரம்தானா? செல்லத்துரை பாத்ரி சாகிப்பைக் கேட்டாரா, இல்லையா? தங்கையா அண்ணன் இல்லையென்றால் அவருடைய பிள்ளைகள், அப்பா எப்போதாவது இந்தக் கதையைச் சொல்லியிருந்தால், பத்திரிகைக்கு எழுதிப் போடுங்கள். என் மனசு நோகும் என்று பார்க்கவேண்டாம். கேட்கவில்லை என்றால் கேட்கவில்லை என்றே எழுதுங்கள்.

கல் வெட்டுகிறவர் கடைசி வரிக்கு இடம் விட்டு நிறுத்தியிருக்கிறார்.